நாம் வரவழைத்த விடியல்

போன வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். உள்ளறைச் சுவரின் மேடுபள்ளம் தெரிய வேண்டும் என்று ஒரு பெரிய பல்பைக் கம்பில் கட்டிச் சுவரோரமாக எரியவிட்டார்கள். பல காலம் சாக்குக்குள் கிடந்த பல்பு போலிருக்கிறது. அதன்மேல் படிந்திருந்த தூசி சூட்டில் கருகி ஒரு வாசனை வந்தது. சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த நான், கீரையை அப்படியே போட்டுவிட்டு வந்து நிலைப்படியில் நின்றேன். நாற்றமா இருக்கா, அணைச்சிரவா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம், எரியட்டும் என்றேன். வெள்ளையடிக்கிற வீட்டில் ஒரு கிழவி பல்பை மோந்து பார்த்துக்கொண்டு நிற்பதை அவர்கள் என்னவென்று நினைத்தார்களோ.

நீ போனதிலிருந்து உன்னை நினைத்தால் கண்தான் முதலில் கலங்கும். அன்று கலங்கவில்லை. முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாம் இருவரும் ஒரே ஆடி மாதத்தில் காரைக்குடியில் அந்தப் பெண்கள் கல்லூரியில் சேர்ந்தோம். நான் தமிழ் சொல்லிக்கொடுக்க; நீ பௌதிகச் சோதனைக்கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராக. எழுபதுகளின் தொடக்கம். செக்காலையில் ஒரு ஆச்சி வீட்டின் பின்கட்டில் நமக்கு ஓர் அறை. நான் திருப்பத்தூர்ப் பக்கம். நீ காளையார்கோவிலை அடுத்த ஊரில் பயிர் வைத்துப் பிழைக்கும் ஒரு சம்சாரி வீட்டுப் பெண். அப்பா இல்லாத உன்னைப் படிக்கவைத்தவர் உன் தாய்மாமன். பெண்பிள்ளைக்கு எதற்கு இம்புட்டுப் படிப்பு என்று கேட்ட சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிச் சொல்லியே அவருக்குத் தொண்டை கட்டியிருக்கும். மாதம் ஒருமுறை பஸ் ஏறி வருவார். கொண்டுவந்த கடலையை ஆச்சியிடம் பாதி, நம்மிடம் பாதி கொடுப்பார். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று உன்னைக் கேட்க மாட்டார், என்னைத்தான் கேட்பார்.

அந்த வருட ஆண்டுவிழாவுக்கு நான் ஒரு நாடகம் எழுதினேன். மழை கொட்டும் இரவில் கண்மாய் உடையாமல் காக்கப் போன மகன் திரும்புவானா என்று விடிய விடியக் கரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாயின் கதை. கடைசிக் காட்சியில் வசனமே இல்லை. அவள் உட்கார்ந்திருக்கிறாள், பொழுது விடிகிறது, தூரத்தில் கரைமேல் ஒருவன் எழுந்து நிற்கிறான். அவ்வளவுதான். அதை எழுதியபோது பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு. நீ கட்டிலில் குப்புறப் படுத்துப் படித்துவிட்டுக் கேட்டாய்:

"பொழுது விடியிதுன்னு ரெண்டு வார்த்தையில எழுதிட்ட. யாரு விடிய வைக்கிறது?"

அந்தக் காலத்தில் நம் பக்கத்து மேடைகளில் வண்ணம் மாற்ற ஒரு வட்டத் தகடுதான் உண்டு. அதில் நாலைந்து ஓட்டை போட்டு, ஒவ்வோர் ஓட்டையிலும் ஒரு கலர்த் தாளை ஒட்டி, ஃபோகஸ் விளக்கின் முன்னால் கையால் சுற்றுவார்கள். சிவப்பிலிருந்து பச்சைக்கு, பச்சையிலிருந்து நீலத்துக்குத் தாவும். பேய் வருவதற்கும் சாமி வருவதற்கும் அது போதும். விடிவதற்குப் போதாது. விடியல் தாவி வருமா?

உன் யோசனை எளிமையாக இருந்தது. கருநீலம், வெளிர்நீலம், ஊதா, ரோஜா, ஆரஞ்சு, மஞ்சள் என்று கலர்த் தாள்களை வரிசையாக ஒட்டி ஒரே நீள நாடாவாக ஆக்குவது. இரண்டு உருளைகளில் அதைச் சுற்றி, விளக்கின் முன்னால் இந்த உருளையிலிருந்து அந்த உருளைக்கு மெல்ல ஓடவிடுவது. தாள் மதுரையிலிருந்து வந்தது. உருளைகளைத் தச்சர் கடைந்து கொடுத்தார். தகரப் பெட்டியை நீ படம் போட்டுக் கொடுத்துச் செய்ய வைத்தாய். பழைய கார் ஒன்றின் கண்ணாடி துடைக்கிற மோட்டாரை ஒரு மெக்கானிக் கடையிலிருந்து வாங்கி வந்தாய். அது பாட்டரியில் ஓடும், மெதுவாகவும் ஓடும். பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் ஒரு சுவிட்ச். அழுத்தினால் நாடா நகரும், விட்டால் நிற்கும். தட்டித் தட்டி அழுத்தினால் ஊரும். இப்போது இதை எல்லா மேடையிலும் கம்ப்யூட்டரே செய்கிறதாம். கலர் ஸ்க்ரோலர் என்று பெயராம். நாம் அதைக் கலர்ப் பெட்டி என்றுதான் சொன்னோம்.

முதன்முதலாகப் பின்கட்டுச் சுவரில் அதை ஓடவிட்டுக் காட்டியபோது ஆச்சி அடுப்படியிலிருந்து வந்து பார்த்தார்கள். கருநீலம் வெளுத்து, ஊதா படர்ந்து, ஆரஞ்சு ஏறிற்று. "அய்ய, கோழி கூவலையே" என்றார்கள். அதற்குமேல் என்ன பாராட்டு வேண்டும்?

ஆனால் மேடைக்குப் போனதும் பெட்டி சண்டித்தனம் செய்தது. கல்லூரிக்கு அப்போது சொந்த அரங்கம் கிடையாது; ஊரின் கல்யாண மண்டபம் ஒன்றில் மேடை கட்டினோம். முழு ஒத்திகையன்று தாயாக நடித்த பெண் கரையில் உட்கார்ந்தாள். நீ சுவிட்சை அழுத்தினாய். பின்திரையில் நீலம் நகர்ந்தது, பாதி ஊதா வந்தது, நின்றுவிட்டது. வானத்தில் ஒரு பக்கம் நடுராத்திரி, மறுபக்கம் விடியற்காலை. மகனாக நடித்த பெண் எழுந்து நிற்பதா வேண்டாமா என்று தெரியாமல் அரையாக எழுந்து நின்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அன்று சிரித்தாய்.

பெட்டியைக் கழற்றிச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய் மேசைமேல் வைத்து ஓட்டினால் ஓடுகிறது. திரும்ப மாட்டினால் முதலில் ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. பாட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்து முழுக்கச் சார்ஜ் ஏற்றினாய். மோட்டாரைப் பிரித்துக் கார்பனைத் துடைத்தாய். வயர்களை எல்லாம் மறுபடி பற்றவைத்தாய். தாளின் ஓரம் உரசுகிறதோ என்று கத்தரியால் நறுக்கினாய். மேசைமேல் ஒவ்வொரு முறையும் அது நல்ல பிள்ளையாக ஓடியது. மேடையில் ஒவ்வொரு முறையும் மானத்தை வாங்கியது. சாப்பிடும்போது கூட நீ பேசுவதை நிறுத்திவிட்டாய். விழாவுக்கு முதல் நாள் முதல்வர் அம்மா வந்து பார்த்தார்கள். திட்டவில்லை. நீ பட்ட பாடு தெரியும், நாளைக்கு வாடகைக் கடையில் அந்தச் சுற்றுகிற தகட்டையே சொல்லிவிடலாம், சிரிப்பதற்கு இடம் கொடுக்க வேண்டாம் என்று அன்பாகவே சொன்னார்கள். மறுநாள் மத்தியானம் வரைக்கும் நீ தவணை கேட்டாய். கொடுத்தார்கள்.

அதே நாள்தான் உன் மாமா வேறொரு செய்தியும் கொண்டுவந்தார். மானாமதுரைப் பக்கம் ஒரு குடும்பம், நல்ல நிலபுலன், பையன் அரசாங்க உத்தியோகம். பெண் பார்க்க என்று தனியாக வந்தால் ஊர் பேசும். நாடகம் பார்க்க வருகிற மாதிரி வந்து பெண்ணையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவர்களே சொன்னார்களாம். நீ முன்வரிசையில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பல வருடமாக ஊராருக்குப் பதில் சொன்னவருக்கு இது ஒரு முடிவான பதிலாக இருந்திருக்கும். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நீ சரி என்று தலையாட்டினாய். உன் கவனம் பெட்டியில் இருந்தது என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

விழா நாள் காலை. மண்டபத்தின் ஆத்தங்குடிக் கல் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நீ என்னைக் கேட்டாய்.

"ஒனக்குத்தான் நாடகம் மனப்பாடமாச்சே. இது எப்ப எப்ப நின்னுச்சு, சொல்லு."

நான் யோசித்துச் சொன்னேன். கடைசிக் காட்சிக்கு முன்னால் ஒரு நடவுப் பாட்டு வரும்; அது தொடங்கும்போதே அந்த விளக்கை ஏற்றிவிடுவோம். நடவுப் பாட்டு முடிவதற்கு முன்னால் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் ஓடியது. நடவுப் பாட்டு முடிந்த பிறகுதான் நின்றது. ஒருமுறை கூட அதற்கு முன்னால் நிற்கவில்லை. இன்னொன்றும் சொன்னேன். நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் மேலே 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பல்லி என்று நினைத்திருந்தேன்.

நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு எழுந்தாய்.

"மேடையில நோவு கண்டத மேசையில வச்சுப் பாத்துக்கிட்டு இருந்துருக்கேன்."

அந்த ஃபோகஸ் விளக்கையே கீழே இறக்கினாய். பெட்டியை அதன் முகத்தில் மாட்டி, ஆயிரம் வாட் பல்பை எரியவிட்டு, இருவரும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தோம். தூசி கருகிய வாசனை வந்தது. பங்குனி வெயிலும் அந்தச் சூடும் சேர்ந்து உடம்பு நனைந்தது. நான் நடவுப் பாட்டை முதலிலிருந்து முணுமுணுத்தேன், நேரம் தெரிவதற்காக. பாட்டு முடியவும் 'டொக்' என்றது. நீ என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுக் குனிந்து பெட்டியின் இடுக்கில் பார்த்தாய். சுவிட்சை அழுத்தச் சொன்னாய். அழுத்தினேன். மோட்டார் முனகியது, உருளை திரும்பவில்லை.

விளக்குப் பக்கமிருந்த தகரம் சூட்டில் விரிந்து, போக இடமில்லாமல், உள்பக்கமாகப் புடைத்து உருளையை அமுக்கிக்கொண்டிருந்தது. புடைக்கிறபோது வந்த சத்தம்தான் அது. கழற்றிக் கீழே கொண்டுபோவதற்குள் ஆறிப் பழையபடி தட்டையாகிவிடும். அதனால்தான் மேசைமேல் குற்றமே இல்லை. மோட்டாரும் பாட்டரியும் வயரும் இத்தனை நாள் வீண்பழி சுமந்திருந்தன.

நீ என்னைக் கட்டிப்பிடித்தாயா, நான் உன்னைப் பிடித்தேனா என்று நினைவில்லை. இரண்டு பேர் சேலையிலும் மோட்டார் எண்ணெய் ஆகியிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

பிறகு உன் கை ஓய்வில்லாமல் வேலை செய்தது. உருளைக்கு நேரே இருந்த தகரத்தைக் கத்தரித்து எடுத்தாய். சூடு வெளியேற மேலே வரிசையாகத் துளை போட்டாய். பெட்டி விளக்கின் முகத்தில் ஒட்டாமல் நாலு விரல் தள்ளி நிற்கும்படி நீளமான போல்ட்டுகளைப் போட்டாய். மத்தியானம் முதல்வர் அம்மா வந்தபோது விளக்கை நன்றாகச் சூடேறவிட்டு, கருநீலத்திலிருந்து மஞ்சள் வரை நிற்காமல் ஓட்டிக் காட்டினாய். அவர்கள் இன்னொரு முறை என்றார்கள். இன்னொரு முறையும் ஓடியது.

ஒரு சந்தேகம் மட்டும் உனக்கு இருந்தது. போல்ட்டு நீளமானதால் பெட்டி ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. நாடா ஓரம் விலகி ஓடினால் மடங்கிக்கொள்ளும். சரிசெய்ய நேரமில்லை. கடைசிக் காட்சியில் யாராவது ஏணிமேல் நின்று கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும், விலகினால் விரலால் தள்ளிவிட வேண்டும். யாராவது என்றால் நீதான். சுவிட்ச் என் கைக்கு வந்தது.

சாயங்காலம் உன் மாமா மல்லிகைச் சரத்தோடு வந்தபோது நீ ஏணியின் உச்சியில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாயில் ஒரு போல்ட்டைக் கவ்வியபடி நின்றாய். பக்கத் திரைக்குப் பின்னால் இருந்தபடி நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் முதலில் யாரையோ பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஆத்தா, எறங்கு. அவுக வந்து முன்னால உக்காந்துருக்காக. மூஞ்சி கழுவிட்டுப் பூவ வச்சுக்கிட்டு வா."

நீ போல்ட்டை வாயிலிருந்து எடுத்தாய்.

"விடிஞ்சதும் வாரேன் மாமா."

"விடியிற வரைக்குமா?"

"நாடகத்துல விடியணும் மாமா. நான் எறங்குனா விடியாது."

உன்னை அதட்டி இறக்கிவிட அவருக்கு உரிமை இருந்தது. அன்றைய நாளில் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். திரும்பி நாலடி நடந்தார். அப்போது முதல் மணி அடித்தது. நீ பெட்டியை எட்டிப் பிடிக்க ஒரு பக்கமாகச் சாய்ந்தாய். வழவழப்பான ஆத்தங்குடிக் கல்லில் ஏணிக்கால் ஒரு சாண் சறுக்கியது. அவர் பாய்ந்து வந்து பிடித்துவிட்டார். பூச்சரம் கீழே விழுந்தது.

அதன் பிறகு அவர் அந்த ஏணியை விடவில்லை. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு காலை அடிக்கட்டைக்கு முட்டுக் கொடுத்து, நாடகம் முழுவதும் அப்படியே நின்றார். முன்வரிசையில் அவருக்கென்று விட்டிருந்த நாற்காலியும் உனக்கென்று விட்டிருந்த நாற்காலியும் காலியாகக் கிடந்தன. ஒருமுறை அந்தக் குடும்பத்துப் பெரியவர் எழுந்து சுற்றுமுற்றும் தேடியதைத் திரையிடுக்கில் பார்த்தேன். சுவிட்சை விட்டு நானும் நகரவில்லை.

நடவுப் பாட்டு முடிந்தது. நீயும் நானும் ஒரே நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டோம். சத்தம் ஏதும் வரவில்லை.

கடைசிக் காட்சி. தாய் உட்கார்ந்தாள். மண்டபம் அடங்கியது. நான் கட்டைவிரலால் தட்டினேன். தட்டினேன், விட்டேன். தட்டினேன், விட்டேன். கருநீலம் எப்போது வெளுக்கத் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியவில்லை. ஊதா வந்தது. ரோஜா வருகிற நேரத்தில் திரையின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோணல் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நீ இரண்டு விரலை உள்ளே விட்டு நாடாவின் ஓரத்தை நேராக்கிப் பிடித்திருந்தாய். அந்தத் தகரத்தின் சூடு எனக்குத் தெரியும். நிறுத்தட்டுமா என்று சைகையால் கேட்டேன். போ, போ என்று தலையை அசைத்தாய். சுடுகிறதே என்று என்னைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லவில்லை. அதே நிதானத்தில் போகச் சொன்னாய். போனேன். ஆரஞ்சு ஏறி மஞ்சளாகி, வானம் முழுசாக வெளுத்தது. தூரத்துக் கரையில் மகன் எழுந்து நின்றான்.

கை தட்டக் கூட்டத்துக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் கொஞ்ச நேரம்தான் என் எழுத்துக்கு நான் வாங்கிய பெரிய பரிசு. அதில் பாதிக்குமேல் உன்னுடையது. ஆச்சி மூன்றாம் வரிசையில் மூக்கைச் சிந்தினார்கள். நீ இறங்கி வந்தாய். விரல் இரண்டும் சிவந்து கொப்புளம் கண்டிருந்தன. மாமா அதைப் பார்த்தார். தன் துண்டைக் குடத்துத் தண்ணீரில் நனைத்து உன் விரலில் சுற்றினார்.

முன்வரிசைக்கு நாம் போனபோது அவர்கள் கிளம்பியிருந்தார்கள். மதிக்காத இடத்தில் உட்கார்ந்திருக்க முடியாது என்று ஒரு வார்த்தையை மட்டும் வாசலில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, இன்றைக்கும் நான் அப்படித்தான் நினைக்கிறேன். அன்று உனக்கு அழுகை முட்டியது. வரன் போனதற்காக இல்லை. மாமாவின் நிம்மதி போயிற்றே என்று. அவர் தலை ஏன் குனிய வேண்டும், அதுவும் உன்னால்?

அவர் குனியவில்லை. காலி நாற்காலிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"போனாப் போறாக. நான் அங்குட்டுப் போயி உக்காந்துருந்தா ஏணிய யாரு புடிக்கிறது?"

அடுத்த மாதம் கடலை கொண்டுவந்தபோது ஆச்சி வீட்டு வாசலிலேயே அவர் குரல் கேட்டது. எங்க புள்ள காரைக்குடியில ஒரு பொழுதையே விடிய வச்சுச்சு என்று தெருவில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். படிப்பு எதற்கு என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு அதன்பின் அவர் வேறு பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

நீ பிறகு திருச்சியில் பாலிடெக்னிக்கில் வேலைக்குப் போனாய். ஏணி ஏறுகிற பெண் என்று தெரிந்தே ஒருவர் உன்னைக் கேட்டு வந்தார். தாமதமான கல்யாணம், குறையில்லாத கல்யாணம். மாமா தாரைவார்த்துக் கொடுத்தபோது உன் விரல்களில் அந்தத் தழும்பு இருந்ததை நான் பார்த்தேன். கடைசியாக ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்தபோதும் தடவிப் பார்த்தேன். மங்கியிருந்தது, இருந்தது.

என்னை எங்கே கூப்பிட்டாலும் பேராசிரியர், இத்தனை நூல் எழுதியவர் என்று அறிமுகம் செய்கிறார்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதில் ஒன்று விட்டுப்போகிறது என்று மனசுக்குள் தோன்றும். நீ மேலே நின்றபோது கீழே சுவிட்ச் போட்டவள் நான். எத்தனை மெதுவாக அழுத்த வேண்டும் என்பது என் கட்டைவிரலுக்கு இன்றும் தெரியும்.

வயசாகிவிட்டதால் இப்போதெல்லாம் இருட்டோடு விழித்துவிடுகிறேன். மொட்டைமாடியில் நாற்காலி போட்டுக் கிழக்கே பார்த்து உட்காருவேன். இன்றைக்கும் பார்த்தேன். நீலம் வெளுத்து, ரோஜா வந்து, மஞ்சள் ஏறியது. குறை சொல்வதற்கில்லை. ஆனால் அங்கே சுவிட்ச் போடுகிறவர்கள் ஊதாவிலிருந்து ரோஜாவுக்குக் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். நம்முடையது இதைவிட நன்றாக இருந்தது.